கொள்ளைநோய்க் காலத்தில் ஊரைப் படித்தவர்: பாட்ரிக் கெடிஸ்



இந்தக் காலாண்டில் நாம் தெரிந்துகொள்ளப் போகிறவர் ஒரு ஸ்காட்லாந்துக்காரர். கோவில்பட்டியில் அடுக்குமாடியில் இருக்கும் நமக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். பாழடைந்த அடுக்குமாடி ஒன்றில் மனைவியோடு குடியேறி, அக்கம்பக்கத்தாரைச் சேர்த்துக்கொண்டு முற்றத்தைக் கூட்டிச் சுத்தம் செய்தவர் அவர். பிளேக் பரவிய இந்திய நகரங்களில், ஏழைகளின் தெருக்களை இடித்துத் தள்ளுவதுதான் வழி என்று எல்லாரும் சொன்னபோது, வேண்டாம் என்று தடுத்தவரும் அவரே. பெயர் பாட்ரிக் கெடிஸ்.

செடிகளில் தொடங்கியவர்

1854 அக்டோபர் 2 அன்று ஸ்காட்லாந்தின் பாலட்டர் என்ற சிற்றூரில் பிறந்தார். காந்தியடிகள் பிறந்த அதே தேதி. 15 ஆண்டு முந்தையது. லண்டனில் புகழ்பெற்ற உயிரியல் அறிஞர் தாமஸ் ஹக்ஸ்லியிடம் படித்தார். 1879-ல் ஆராய்ச்சிக்காக மெக்சிகோ போன இடத்தில் கண்பார்வை போய்விட்டது. பல வாரம் இருட்டறையில் கிடக்க வேண்டியிருந்தது. பார்வை திரும்பினாலும், நுண்ணோக்கி வழியே மணிக்கணக்கில் பார்க்கும் வேலை இனி ஆகாது என்றாயிற்று. அதன் பிறகு அவர் கவனம் சிறிது சிறிதாக மனிதர்களின் பக்கமும் ஊர்களின் பக்கமும் திரும்பியது. 1888 முதல் டண்டி நகரில் தாவரவியல் பேராசிரியராக இருந்துகொண்டே நகரங்களை ஆராய்ந்தார். ஒரு செடி எந்த மண்ணில், எந்தத் தண்ணீரில் நிற்கிறது என்று பார்க்கிற கண்ணோடுதான் ஊரையும் பார்த்தார்.

ஒரு பழைய அடுக்குமாடி

1886-ல் அன்னா மார்ட்டனை மணந்தார். புதுமணத் தம்பதியர் நல்ல வசதியான பகுதியை விட்டுவிட்டு, எடின்பரோவின் பழைய நகரில் ஜேம்ஸ் கோர்ட் என்ற அடுக்குமாடிக் கட்டடத்தில் குடியேறினார்கள். பணக்காரர்கள் எப்போதோ காலி செய்துவிட்டுப் போன இடம் அது. நெருக்கமும் அழுக்கும் நிறைந்திருந்தது. இருவரும் முதலில் தங்கள் வீட்டைச் சரிசெய்தார்கள். பிறகு அக்கம்பக்கத்தாரை அழைத்து முற்றத்தைச் சுத்தம் செய்து, சுவர்களுக்கு வெள்ளையடித்து, ஜன்னல்களில் பூச்செடி வைத்தார்கள். காலியாகக் கிடந்த மூலைகள் தோட்டங்களாயின. மிகவும் சிதைந்த ஒன்றிரண்டு கட்டடங்களை மட்டும் எடுத்து, காற்றும் வெளிச்சமும் வர வழி செய்தார்கள். உடம்பில் கெட்டுப்போன இடத்தை மட்டும் நீக்கி மற்றதைக் காப்பாற்றும் அறுவை சிகிச்சை போன்றது இந்த முறை. கெடிஸ் கடைசிவரை கைவிடாத கொள்கை இதுதான்.

பிளேக் மாற்றிய பம்பாய்

1896-ல் பம்பாயில் பிளேக் வந்தது. எலியின் மேல் வாழும் தெள்ளுப்பூச்சி வழியே பரவும் நோய் அது. ஆலைத் தொழிலாளர்கள் கூட்டம் கூட்டமாக நகரை விட்டு ஓடினார்கள். 1891-ல் சுமார் 8.2 லட்சமாக இருந்த பம்பாயின் மக்கள் தொகை 1901-ல் சுமார் 7.8 லட்சமாகக் குறைந்தது. 1898-ல் அரசு பம்பாய் நகர மேம்பாட்டு டிரஸ்ட்டை அமைத்தது. நெருக்கமான தெருக்களை இடித்து அகலச் சாலைகள் போடுவது அதன் முக்கிய வேலையாக இருந்தது. வீடு இழந்தவர்கள் எங்கே போவார்கள்? பிழைப்பு இருக்கும் இடத்துக்குப் பக்கத்துத் தெருவில்தான் போய் அடைவார்கள். ஒரு தெருவின் நெருக்கடி குறைய, அடுத்த தெருவின் நெருக்கடி இரட்டிப்பாகும். நோய்க்கு அது இன்னும் வசதி. கெடிஸ் இந்தியா வந்தபோது பல நகரங்கள் இந்த வழியில்தான் போய்க்கொண்டிருந்தன.

எம்டன் மூழ்கடித்த கண்காட்சி

சென்னை மாகாண ஆளுநர் பென்ட்லண்ட் பிரபுவின் அழைப்பில் 1914-ல் கெடிஸ் புறப்பட்டார். பல ஆண்டுகள் உழைத்துச் சேர்த்த நகர வரைபடங்களும் படங்களும் அடங்கிய அவருடைய கண்காட்சி தனியே வேறு கப்பலில் வந்தது. அந்த ஆண்டு செப்டம்பர் 22 அன்று சென்னையைக் குண்டு வீசித் தாக்கிய அதே எம்டன், அக்டோபரில் அந்தக் கப்பலையும் மூழ்கடித்துவிட்டது. கெடிஸ் தளரவில்லை. நண்பர்கள் புதிதாகத் திரட்டி அனுப்பியவற்றை வைத்து 1915-ல் சென்னையில் கண்காட்சியை நடத்தினார்.

பிறகு மாகாணத்தின் ஊர்களைச் சுற்றிப் பார்த்து அறிக்கைகள் எழுதினார். மதுரை, தஞ்சாவூர் பற்றியெல்லாம் எழுதியிருக்கிறார். வரைபடத்தை மேசையில் விரித்துக் கோடு போடுகிறவர் அல்ல அவர். சந்து சந்தாக நடந்து, எந்த வீடு தாங்கும், எந்த மரம் நிழல் தரும், எந்தக் கிணறு இன்னும் பயன்படும் என்று பார்ப்பார். நேர்கோட்டில் சாலை போட்டு வீடுகளை இடிக்கும் திட்டத்தைவிடத் தன் முறைக்குச் செலவு பல மடங்கு குறைவு என்றும் கணக்குக் காட்டினார்.

மலேரியாவுக்குப் பயந்து குளங்களை மூடச் சொன்ன அதிகாரிகளோடும் மோதினார். குளத்தில் மீனும் வாத்தும் இருந்தால் கொசுப்புழுவை அவையே தின்றுவிடும். குளத்தை மூடினால் தண்ணீரும் போகும், குளிர்ச்சியும் போகும் என்பது அவர் வாதம். மழையை நம்பி ஊருணியும் கண்மாயும் வெட்டி வைத்த கரிசல் மக்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

துயரமும் தீபாவளியும்

1917 அவருக்குக் கொடிய ஆண்டு. ஏப்ரலில் மூத்த மகன் அலஸ்டர் பிரான்சுப் போர்க்களத்தில் இறந்தார். அப்போது அன்னா இந்தியாவில் காய்ச்சலில் படுத்திருந்தார். மகன் இறந்த செய்தியைக் கெடிஸ் அவரிடம் சொல்லாமலே மறைத்து வைத்திருந்தார். ஜூனில் அன்னாவும் கண்மூடினார்.

அந்தத் துயரத்தோடுதான் பிளேக் வாட்டிய இந்தூரில் வேலை செய்தார். மக்கள் அவரைக் கண்டு ஒதுங்கினார்கள். வீட்டை இடிக்க வந்தவர் என்று நினைத்தார்கள். கெடிஸ் மன்னரிடம் ஒரு நாள் மகாராஜாவாக இருக்க அனுமதி கேட்டுப் பெற்றார். தீபாவளி ஊர்வலம் வழக்கமான வழியில் போகாது, எந்தத் தெருவில் வீடுகள் அதிகமாகச் சுத்தம் செய்யப்பட்டுள்ளனவோ அந்தத் தெரு வழியேதான் போகும் என்று அறிவித்தார். ஊரே துடைப்பத்தை எடுத்தது. ஆயிரக்கணக்கான வண்டிக் குப்பை வெளியேறியது, எலிகள் பிடிபட்டன. ஊர்வலத்தில் துப்புரவுத் தொழிலாளர்கள் வெள்ளை உடுத்தி, மாலை அணிந்து மரியாதையோடு நடந்தார்கள். பிளேக் எலியின் பெரிய உருவம் ஒன்று கொளுத்தப்பட்டது. மக்களுக்குத் துளசிக் கன்றுகள் வழங்கப்பட்டன. இந்தூருக்கான அவருடைய அறிக்கை 1918-ல் இரண்டு பாகங்களாக வெளிவந்தது.

கடைசி ஆண்டுகள்

1918-ல் வந்த விஷக்காய்ச்சல் இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. 1911-க்கும் 1921-க்கும் இடையில் இந்திய மக்கள் தொகை கூடாமல் சற்றே குறைந்தது. 1901-க்குப் பிறகு எடுத்த கணக்குகளில் அப்படி நடந்தது அந்த ஒரு முறைதான். சென்னை நகரமும் அந்தப் பத்தாண்டில் ஏறத்தாழ 8 ஆயிரம் பேர் மட்டுமே கூடியது. 1919-ல் பம்பாய் பல்கலைக்கழகத்தின் முதல் சமூகவியல் பேராசிரியரானார் கெடிஸ். 1920-ல் சென்னை மாகாணத்துக்கு நகரமைப்புச் சட்டம் வந்தது. தியாகராய நகர் உருவானது அதன் பிறகுதான்.

அவருக்குக் குறைகளும் உண்டு. தாடிக்குள்ளேயே பேசுவார், பாதி பேருக்குப் புரியாது. அவருடைய இந்திய அறிக்கைகளில் பெரும்பாலானவை அலமாரியிலேயே தங்கிவிட்டன. 1925-ல் டெல் அவிவ் நகருக்குத் திட்டம் வரைந்து கொடுத்தார். 1932-ல் சர் பட்டம் பெற்று, அதே ஆண்டு ஏப்ரல் 17 அன்று பிரான்சின் மோன்பெலியேயில் காலமானார்.

நமக்கு என்ன?

2020-ல் கொரோனாவின்போது பம்பாயில் நடந்த பழைய கதையை நாமே பார்த்தோம். மும்பையில் பிழைத்த நம் பக்கத்து மக்கள் குடும்பத்தோடு ஊர் திரும்பினார்கள். கங்கைகொண்டான் சோதனைச் சாவடியில் பரிசோதனைக்கு நின்றார்கள். சிலர் மறுபடி போனார்கள், சிலர் இங்கேயே தங்கிவிட்டார்கள். யார் எத்தனை பேர் என்பதற்குக் கணக்கு இல்லை. 2021-ல் எடுக்க வேண்டிய மக்கள் தொகைக் கணக்கெடுப்பே அந்த நோயால் தள்ளிப்போனது. கோவில்பட்டி நகராட்சிக்குக் கையில் இருப்பது 2011-ன் 95 ஆயிரம் என்ற எண்ணிக்கைதான். தாமிரபரணித் தண்ணீரை எதிர்பார்த்திருக்கும் ஊரில், எத்தனை பேர் குடிக்கிறார்கள் என்று தெரியாமல் குழாய்த் திட்டம் போடுவது எப்படி?

கெடிஸின் முதல் பாடம், திட்டத்துக்கு முன் கணக்கெடு என்பது. நம் வளாகத்துக்கு அதை நாமே செய்யலாம். எத்தனை வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன? தனியாக இருக்கும் முதியவர்கள் எத்தனை பேர்? கொரோனாவுக்குப் பின் ஊர் திரும்பித் தங்கிய குடும்பங்கள் எத்தனை? ஒரு நாளைக்கு எத்தனை குடம் தண்ணீர் தேவை, தொட்டி எத்தனை நாள் தாங்கும்? கிணற்றில் மழைநீர் இறங்குகிறதா? ஒரு நோட்டும் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளும் போதும். அடுத்த பொதுக்குழுவுக்கு முன் ஒவ்வொரு தளத்துக்கும் ஒருவர் முன்வந்தால், இன்னொரு நோய் வரும் நாளில் யார் வீட்டுக் கதவை முதலில் தட்ட வேண்டும் என்பதாவது நமக்குத் தெரிந்திருக்கும்.