‘சைக்ளோன்’ என்று பெயர் வைத்தது யார்? மேசையில் உட்கார்ந்தே புயலைத் துரத்திய கல்கத்தா கேப்டனின் கதை

2018 நவம்பர் 15 ராத்திரி. காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு விழித்திருந்தவர்கள் ஏராளம். வரைபடத்தில் கஜா புயலின் வட்டம் கொஞ்சம் கொஞ்சமாக மேற்கே நகர்ந்தது. நள்ளிரவு தாண்டி நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையைக் கடந்த புயல், புதுக்கோட்டை, சிவகங்கை, திண்டுக்கல் என்று உள்மாவட்டங்களுக்குள் புகுந்தது. கடல் இல்லாத ஊருக்குப் புயல் எப்படி வரும் என்று கேட்டவர்களுக்கு அன்றைக்குப் பதில் கிடைத்தது.

பயம் ஒரு பக்கம். ஆனாலும் அந்த வட்டத்தைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை, இல்லையா? இப்போது எங்கே இருக்கு, எந்தப் பக்கம் திரும்புது, கண் பகுதி எங்கே என்று விடிய விடியப் பார்த்தவர்கள் எல்லாருமே, தெரிந்தோ தெரியாமலோ ஒரு மனிதரின் பாதையில் போனவர்கள்தான். அந்தச் சுழலுக்கு ‘சைக்ளோன்’ என்று பெயர் வைத்த ஹென்றி பிடிங்டன். வேலை பார்த்ததும் இறந்ததும் கல்கத்தாவில். ஆராய்ந்தது பெரும்பாலும் நம்ம வங்கக் கடலை.

யார் இந்த பிடிங்டன்?

1797-ல் இங்கிலாந்தின் சஸெக்ஸ் பகுதியில் பிறந்தவர். வணிகக் கப்பலில் சேர்ந்து கேப்டனாக உயர்ந்தார். பிறகு கடல் வாழ்க்கையை விட்டுவிட்டு வங்காளத்திலேயே தங்கிவிட்டார். ஒரே விஷயத்தில் நிற்கிற ஆள் இல்லை. இந்தியத் தாவரங்களின் பெயர்களைத் தொகுத்து 1832-ல் ஒரு புத்தகம் போட்டார். மண்ணை ஆராய்ந்தார், தாதுக்களை ஆராய்ந்தார். கல்கத்தாவில் இருந்த பொருளாதாரப் புவியியல் அருங்காட்சியகத்துக்குப் பொறுப்பாளராகவும் இருந்தார். எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் கை வைத்த அந்த மனிதரைக் கடைசி வரை விடாமல் பிடித்துக்கொண்டது புயல் மட்டும்தான்.

அந்தப் பித்து அவருக்கு எங்கிருந்து வந்தது? இதில் ஒரு சுவாரஸ்யமான சங்கிலி இருக்கிறது.

1821 செப்டம்பரில் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தை ஒரு பெரும்புயல் அடித்தது. குதிரைச் சேணம் செய்கிற தொழில் பழகிய வில்லியம் ரெட்ஃபீல்டு என்பவர் அந்தப் பக்கம் நடந்து போனார். ஒரு இடத்தில் மரங்கள் எல்லாம் ஒரே திசையில் விழுந்து கிடந்தன. கொஞ்ச தூரம் தள்ளிப் போனால் அதற்கு நேர் எதிர்த் திசையில். காற்று நேராக அடித்திருந்தால் இப்படி விழாது, சுற்றிச் சுழன்றுதான் அடித்திருக்க வேண்டும் என்பது அவருக்குப் புரிந்தது. கல்லூரிப் படிப்பு எதுவும் இல்லாதவர், பத்து வருஷம் கழித்து 1831-ல் அதைக் கட்டுரையாக எழுதினார்.

அதே 1831-ல் மேற்கிந்தியத் தீவான பார்படாஸைப் புயல் நாசமாக்கியது. இடிந்த கட்டடங்களைத் திரும்பக் கட்ட அனுப்பப்பட்ட ராணுவப் பொறியாளர் வில்லியம் ரீட், இவ்வளவு அழிவு எப்படி வந்தது என்று தேடத் தொடங்கி, ரெட்ஃபீல்டின் கட்டுரையில் போய் நின்றார். 1838-ல் புயல்களின் விதியைப் பற்றி ரீட் எழுதிய புத்தகம் வெளியானது. அதைப் படித்துத்தான் பிடிங்டன் மாட்டிக்கொண்டார். சேணக்காரரிடமிருந்து பொறியாளருக்கு, பொறியாளரிடமிருந்து கேப்டனுக்கு. காய்ச்சல் மாதிரிதான் தொற்றியிருக்கிறது.

கஜாவுக்குப் பிறகு சாய்ந்து கிடந்த தென்னந்தோப்புகளை நேரில் பார்த்தவர்களுக்கு ரெட்ஃபீல்டு கண்டது எளிதில் விளங்கும். மேற்கு நோக்கி வரும் புயலின் பாதைக்கு வடக்கே கிழக்குக் காற்று அடிக்கும். தெற்கே அதற்கு நேர்மாறாக மேற்குக் காற்று. ஒரே புயல், ஆனால் மரம் விழும் திசை வேறு.

வாகனம் இல்லை, சாட்டிலைட் இல்லை... எப்படித் துரத்தினார்?

இன்றைக்குப் புயல் துரத்துகிறவர்கள் என்றால் அமெரிக்காவில் ஜீப்பில் கேமராவோடு போகிறவர்கள்தான் நினைவுக்கு வருவார்கள். பிடிங்டன் துரத்தியது கல்கத்தாவில் நாற்காலியில் உட்கார்ந்து. புயல் ஓய்ந்து கப்பல்கள் துறைமுகத்துக்கு வந்ததும் அவருடைய வேலை ஆரம்பிக்கும். ஒவ்வொரு கப்பலிலும் ஒரு லாக்புக் இருக்கும். எந்த மணிக்குக் காற்று எந்தத் திசை, பாரோமீட்டர் எவ்வளவு இறங்கியது, கப்பல் எங்கே இருந்தது என்று மாலுமிகள் எழுதி வைப்பார்கள். அதையெல்லாம் வாங்கி ஒரே வரைபடத்தில் குறிப்பார். பத்துக் கப்பல், பத்து இடம், பத்துத் திசைக் காற்று. சேர்த்துப் பார்த்தால் நடுவே புயலின் மையம் தெரியும். மறுநாள் கணக்கையும் போட்டால் அது நகர்ந்த பாதை தெரியும்.

கப்பல் விபத்துகளை விசாரிக்கும் கடல்சார் விசாரணை மன்றத்தின் தலைவராகவும் அவர் இருந்தார். எந்தக் கேப்டன் எங்கே தப்புக் கணக்குப் போட்டார் என்பதைப் பார்ப்பது அவருக்குத் தினசரி வேலை. அதன் முடிவில் இருந்தது மனித உயிர்கள் என்பதும் அவருக்குத் தெரியும்.

1839 ஜூனில் வங்கக் கடலில் அடித்த புயல்தான் அவருடைய முதல் ஆய்வு. அதே ஆண்டு நவம்பரில் இன்றைய ஆந்திராவின் கோரிங்கா துறைமுகத்தைக் கடல் விழுங்கியது. அதையும் ஆராய்ந்தார். அதற்கு 50 வருஷம் முன்பு, 1789 டிசம்பரில் இதே கோரிங்காவை மூன்று ராட்சத அலைகள் அடித்து நொறுக்கிய கதையையும் தோண்டி எடுத்தார். வங்காள ஆசியச் சங்கத்தின் இதழில் இப்படி இருபதுக்கும் மேற்பட்ட ஆய்வுகள் வந்தன. 1842 அக்டோபர் கடைசியில் வீசிய புயல்களைப் பற்றிய ஆய்வில் வங்கக் கடல், சென்னை, அரபிக்கடல் மூன்றையும் சேர்த்தே ஆராய்ந்திருக்கிறார். கஜாவும் தமிழ்நாட்டைக் குறுக்கே கடந்து அரபிக்கடலில்தான் போய் இறங்கியது என்பது நினைவிருக்கலாம்.

ஐந்து நாள் சுற்றிய கப்பல்

அவர் ஆராய்ந்ததிலேயே நம்ப முடியாத சம்பவம் ‘சார்லஸ் ஹெடில்’ என்ற கப்பலுடையது. 1845 பிப்ரவரியில் மொரிஷியஸ் அருகே புயலில் மாட்டியது. பின்னாலிருந்து காற்று தள்ளுகிறது, கேப்டன் காற்றோடு கப்பலை ஓட விட்டார். ஓடுகிறது, ஓடுகிறது... நேராகப் போகிறோம் என்று நினைத்தால், திசைகாட்டி முள் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஐந்து நாளில் புயலின் மையத்தை ஐந்து முறை சுற்றி வந்திருக்கிறது கப்பல்! ஆயிரம் மைலுக்கு மேல் ஓடியும், உண்மையில் நகர்ந்தது சில நூறு மைல்தான்.

அந்தக் கேப்டனுக்கு அது நரகம். பிடிங்டனுக்கோ லாக்புக் வழியாகக் கிடைத்த தங்கம். காற்று வட்டமடிக்கிறது என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி என்ன வேண்டும்? காற்றுக்கு முதுகைக் கொடுத்து ஓடுவதே அப்போது பலரின் பழக்கம். அது தப்பிக்கிற வழி இல்லை, செக்கு மாடு மாதிரி புயலையே சுற்றுகிற வழி என்பதை இந்த ஒரு கப்பல் காட்டிவிட்டது.

பாம்புச் சுருளும் கொம்புத் தகடும்

அந்தக் காலத்தில் புயலுக்கு ஆளுக்கொரு பெயர். கேல், ஹரிக்கேன், டைஃபூன், ஸ்டார்ம் என்று ஒவ்வொரு கடலிலும் ஒன்று. நேராக அடிக்கிற பலத்த காற்றுக்கும் அதே பெயர், சுழல்கிற புயலுக்கும் அதே பெயர். லாக்புக்கைப் படிக்கிறவருக்குக் குழப்பம்தானே? சுழல்காற்றுக்கு மட்டும் தனியாக ஒரு சொல் வேண்டும் என்று பாம்பின் சுருளைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து சைக்ளோனை உருவாக்கினார். 1848-ல் வந்த அவருடைய மாலுமிகள் கையேடு அந்தச் சொல்லைப் பரப்பியது. (நம்ம சொல்லுக்கும் கதை உண்டு. பழைய தமிழில் புயல் என்றால் மேகம். சூறாவளிதான் சுழன்றடிக்கும் காற்று.)

அந்தக் கையேட்டின் பெயரில் ‘ஹார்ன் புக்’ என்று வரும். இங்கிலாந்தில் அது குழந்தைகளின் அரிச்சுவடிக்குப் பெயர். எழுத்துப் பலகை மேல் மாட்டுக் கொம்பைச் சீவிய மெல்லிய தகடு மூடியிருக்கும். பிடிங்டனும் தன் புத்தகத்தோடு கண்ணாடி போலத் தெரியும் இரண்டு கொம்புத் தகடுகளைக் கொடுத்தார். ஒன்று பூமத்திய ரேகைக்கு வடக்கே, இன்னொன்று தெற்கே பயன்படுத்த. அதில் வட்டங்களும் காற்றுத் திசை அம்புகளும் செதுக்கியிருக்கும். கப்பல் நிற்கும் இடத்தில் அடிக்கிற காற்றின் திசைக்குப் பொருந்துகிற மாதிரி தகட்டை வரைபடத்தின் மேல் வைத்தால் போதும். தகட்டின் நடுப்புள்ளி எங்கே விழுகிறதோ, ஏறக்குறைய அங்கேதான் புயலின் மையம். எதிர்த்திசையில் கப்பலைத் திருப்ப வேண்டியதுதான்.

தகடு இல்லாமலும் நீங்க இதைச் செய்து பார்க்கலாம். புயல் நேரத்தில் காற்று முகத்தில் அடிக்கிற மாதிரி நின்றால், நம்ம ஊரில் மையம் வலது கைப் பக்கம் இருக்கும். காரைக்குடியில் வடக்கிலிருந்து காற்று வந்தால் புயல் கிழக்கே, இன்னும் கடல் பக்கத்தில். காற்று மெல்ல மேற்காகத் திரும்பி, பிறகு தெற்கிலிருந்து வந்தால், மையம் உங்களுக்கு வடக்கே தாண்டிப் போய்விட்டது என்று அர்த்தம். வேடிக்கை பார்க்க மொட்டைமாடிக்கு மட்டும் போக வேண்டாம், ஜன்னல் வழியாகவே தெரியும்.

அந்தப் புத்தகம் பல பதிப்புகள் கண்டது. 1852-ல் கீழ்ப் பர்மா பிரிட்டிஷார் கைக்கு வந்த பிறகு, செட்டிநாட்டிலிருந்து நகரத்தார் ரங்கூனுக்குக் கடல் கடந்து போவது பெருகியது. அங்கிருந்து இங்கே வந்த தேக்குதான் இன்றும் அந்த வீடுகளில் தூண்களாக நிற்கிறது. ஆளும் மரமும் பணமும் கடந்து போன அந்தக் கடலின் புயல்களைத்தான் பிடிங்டன் ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டிருந்தார்.

அரசு கேட்காத எச்சரிக்கை

காற்றைவிட அதிகம் கொல்வது தண்ணீர் என்பது கோரிங்காவை ஆராய்ந்தவருக்கு நன்றாகத் தெரியும். புயல் கடலைக் கரை மேல் தள்ளிக்கொண்டு வரும். ஆழம் குறைந்த, புனல் போலக் குறுகுகிற கரையாக இருந்தால் தண்ணீர் இன்னும் உயரும். வங்கக் கடலின் வடக்கு முனை அப்படிப்பட்டதுதான்.

கடல் ஊரை விழுங்கும் என்கிற பயம் செட்டிநாட்டுக்குப் புதுசு இல்லை. பூம்புகாரைக் கடல் கொண்ட பிறகு, கடலே வராத இடமாகப் பார்த்து வந்து குடியேறினோம் என்பது நகரத்தாரிடையே வழிவழியாக வரும் கதை. வீடுகளைத் தெருவிலிருந்து உயர்த்திக் கட்டியதற்கும் அந்தப் பயத்தையே காரணமாகச் சொல்வார்கள். கல்கத்தாவில் அப்போது ஆட்சியில் இருந்தவர்களுக்கு அந்தப் பயம் இல்லை.

ஹூக்ளி நதியில் மண் படிந்து கல்கத்தா துறைமுகம் கெட்டுவிடுமோ என்ற கவலையில், சுந்தரவனப் பகுதியில் மாட்லா நதிக்கரையில் புதுத் துறைமுகம் கட்டத் திட்டம் வந்தது. பிடிங்டன் பதறினார். 1853-ல் கவர்னர் ஜெனரல் டல்ஹௌசிக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதி அதை அச்சிட்டும் வெளியிட்டார். அந்த இடத்தில் ஊர் கட்டினால், என்றாவது ஒருநாள் புயலோடு கடல் உள்ளே வந்து எல்லோரையும் உப்புத் தண்ணீரில் நிறுத்தும் என்பதே அதன் சாரம்.

யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. புயல் பைத்தியம் பிடித்தவர் பயமுறுத்துகிறார் என்று நினைத்திருக்கலாம். ஒன்றிலேயே மூழ்கியவர்களுக்கு இந்தத் தொல்லை உண்டு, அவர்கள் சரியாகச் சொன்னாலும் ஊர் சிரிக்கும். அடுத்த கவர்னர் ஜெனரலின் பெயரில் ‘போர்ட் கேனிங்’ எழுந்தது. கரை கட்டினார்கள், கல்கத்தாவிலிருந்து ரயில் பாதை போட்டார்கள்.

அதையெல்லாம் பார்க்க அவர் இல்லை. 1858 ஏப்ரல் 7-ம் தேதி கல்கத்தாவில் பிடிங்டன் இறந்தார். வயது 61.

1864 அக்டோபர் 5-ம் தேதி கல்கத்தாவைப் பெரும்புயல் தாக்கிப் பல்லாயிரம் பேரைக் கொன்றது. மூன்றே வருஷத்தில், 1867 நவம்பர் 1-ம் தேதி, அடுத்த புயல் போர்ட் கேனிங்கின் மேலேயே வந்தது. சுமார் 6 அடி உயரத்துக்குப் புயல் அலை ஊருக்குள் புகுந்து துறைமுகத்தை உடைத்துப் போட்டது. 14 வருஷத்துக்கு முன்பு கடிதத்தில் எழுதியது அப்படியே நடந்தது. சில ஆண்டுகளில் அந்தத் துறைமுகம் கைவிடப்பட்டது.

கிட்டத்தட்ட நூறு வருஷம் கழித்து, 1964 டிசம்பரில் அன்றைய நம்ம ராமநாதபுரம் மாவட்டத்திலேயே இதே காட்சி. தனுஷ்கோடியிலும் துறைமுகம் இருந்தது, ரயில் இருந்தது. புயல் அலை ஓடுகிற ரயிலையே இழுத்துக்கொண்டு போனது. அந்த ஊரும் அதற்குப் பிறகு எழவே இல்லை.

கல்கத்தா அழிவுக்கு அடுத்த வருஷமே துறைமுகத்துக்குப் புயல் எச்சரிக்கை தர ஏற்பாடு வந்தது. 1875-ல் இந்திய வானிலை ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. 1864 புயலும், தொடர்ந்து வந்த மழைப் பஞ்சங்களும்தான் அதற்குக் காரணமாகச் சொல்லப்படுகின்றன. கஜா ராத்திரியில் காரைக்குடி செல்போன்களில் வந்து விழுந்த ஒவ்வொரு எச்சரிக்கையும் அந்த மையத்தின் கணக்கிலிருந்து வந்ததுதான்.

போர்ட் கேனிங்கில் துறைமுகம் இன்று இல்லை. ஆனால் அதற்காகப் போட்ட ரயில் பாதை இருக்கிறது. கல்கத்தாவின் சியால்தா நிலையத்திலிருந்து கேனிங்குக்கு இன்றும் தினமும் உள்ளூர் ரயில்கள் கூட்டத்தோடு போய் வருகின்றன.