பேட்ஜ் அணிந்த அம்மையார்

ஜாசின், அலோர் காஜா, மெர்லிமாவ் பக்கத்துத் தோட்டங்களில் விளையாட்டுப் போட்டி வைத்தால், ஓட்டத்தில் முந்தி வரும் பெண் பிள்ளைகளுக்குக் குறைச்சலே இல்லை. அந்தப் பிள்ளை போலீசில் சேரப் போகிறேன் என்று சொல்லிப் பார்க்கட்டும்! லயத்து வாசலில் வெற்றிலை இடிக்கும் பாட்டி முதற்கொண்டு, பொம்பளைப் பிள்ளைக்கு அதெல்லாம் எதுக்கு என்று ஆரம்பித்து விடுவார்கள். கல்லூரி நாளிலேயே டென்னிஸில் பேர் வாங்கிய கிரண் பேடி, 1972-இல் ஐ.பி.எஸ். அதிகாரியான முதல் இந்தியப் பெண் என்பது நம்மில் பலருக்குத் தெரியும். அவருக்கு 62 ஆண்டுகள் முன்னாலேயே இந்த வேலைக்கு வந்தவர் ஆலிஸ் ஸ்டெபின்ஸ் வெல்ஸ் அம்மையார்.

அமெரிக்காவில் கன்சாஸ் மாநிலத்தில் 1873-இல் பிறந்தவர். ஓபர்லின் கல்லூரியில் படித்தார், பிறகு சமயக் கல்வியும் கற்றுப் பிரசங்கம் செய்து வந்தார். கல்யாணம் ஆகிப் பிள்ளை குட்டியோடு லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் குடியிருந்தபோதுதான் ஒரு விஷயம் அவர் மனத்தை அரித்தது. சீரழிந்து போகும் பெண் பிள்ளைகளுக்கு எத்தனை தர்மம் செய்தாலும், புத்தி சொன்னாலும், கையில் சட்டத்தின் அதிகாரம் இல்லாவிட்டால் பயன் கொஞ்சம்தான் என்று கண்டார். தனக்கு நேர்ந்த கேவலத்தை ஓர் ஆண் போலீஸ்காரரிடம் எந்தப் பெண்தான் வாய் திறந்து சொல்லுவாள்?

அம்மையார் சும்மா இருக்கவில்லை. ஊரில் 100 பேரிடம் கையெழுத்து வாங்கி, பெண் போலீஸ் வேண்டும், அந்த வேலையை எனக்கே கொடுங்கள் என்று நகராண்மையிடம் மனுக் கொடுத்தார். 1910 செப்டம்பரில் வேலை கிடைத்தது. அப்போது கலிபோர்னியாப் பெண்களுக்கு ஓட்டுரிமை கூட இல்லை, அது வந்ததே 1911-இல்தான்!

துப்பாக்கி கிடையாது, தடியும் கிடையாது. சட்டப் புத்தகம் ஒன்று, முதலுதவிப் புத்தகம் ஒன்று, தெருவோரப் போலீஸ் டெலிபோன் பெட்டிக்குச் சாவி, ஒரு பேட்ஜ், இவ்வளவுதான் கொடுத்தார்கள். உடுப்பைக் கூட அவரே தைத்துக் கொண்டார். அந்தக் காலத்தில் போலீஸ்காரர்களுக்கு டிராமில் இலவசப் பயணம் உண்டு. அம்மையார் பேட்ஜைக் காட்டினால் கண்டக்டர் நம்ப மாட்டார், புருஷன் பேட்ஜை எடுத்துக் கொண்டு வந்து ஏமாற்றுகிறாள் என்று பழி போடுவார். கடைசியில் பெண் போலீஸ், முதலாம் எண் என்று பொறித்த புது பேட்ஜ் ஒன்றை அவருக்கென்றே செய்து கொடுக்க வேண்டியதாயிற்று.

நடனக் கூடம், சறுக்கு மைதானம், படக் கொட்டகை என்று சுற்றி வந்து சிறு பிள்ளைகளைக் கவனிப்பதும், காணாமல் போனவர்களைத் தேடுவதும், ஆலோசனை கேட்டு வரும் பெண்களுக்கு வழி சொல்வதும் அவர் வேலை. சுவரில் ஒட்டிய விளம்பரம் ஆபாசமா என்று பார்ப்பது கூட அவர் தலையில்தான் விழுந்தது. அது கொஞ்சம் அதிகப்படி என்றுதான் எனக்குப் படுகிறது. ஆனால் அவர் வந்த பிறகு பிறந்த ஓர் உத்தரவு பொன்னானது: இளம் பெண்களை ஆண் போலீஸார் விசாரிக்கக் கூடாது, பெண் போலீஸ்தான் விசாரிக்க வேண்டும். தப்பு நடந்தும் வெட்கத்தால் வாயை மூடிக் கொண்ட குடும்பங்கள் நம் தோட்டங்களிலும் உண்டு. அவர்களுக்குத் தெரியும் இந்த உத்தரவின் அருமை.

அவருக்கு முன்பே போர்ட்லாந்து நகரில் 1908-இல் லோலா பால்ட்வின் என்ற அம்மையார் போலீஸ் பணியில் சேர்ந்திருந்தார். ஆனாலும் ஊர் ஊராகப் போய்ப் பேசிப் பெண் போலீஸைப் பரப்பியவர் வெல்ஸ் அம்மையார்தான். 1915-இல் பெண் போலீஸாருக்கென்று அனைத்துலகச் சங்கம் அமைத்து அதன் முதல் தலைவியும் ஆனார். நம் பக்கம் 1933-இல் திருவிதாங்கூரிலும், 1955-இல் மலாயாவிலும் பெண்களைப் போலீஸில் எடுத்தார்கள். ஆனால் அவர் வேலை பார்த்த லாஸ் ஏஞ்சல்ஸிலேயே பெண்கள் ஆண்களைப் போல ரோந்து போக 1970-கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

முப்பது ஆண்டுகள் உழைத்து 1940-இல் ஓய்வு பெற்றார் அம்மையார். நம் நாடு மெர்டேக்கா அடைந்த அதே 1957-இல் காலமானார். சவ அடக்கத்துக்குப் பெரிய அதிகாரிகள் வந்திருந்தார்கள். மரியாதை அணியில் நின்றவர்கள் பத்துப் பெண் போலீஸார்.