பார்வை போன துரையும் காதால் பார்க்கும் டால்பினும்

காஞ்சியில் பட்டு எடுக்கப் போனா, அப்படியே மாமல்லபுரத்துக்கும் ஒரு ரவுண்டு போவீங்கதானே? அங்கே காஞ்சிப் பல்லவர்கள் விட்டுப்போன கல்வெட்டுகளைப் பற்றி எழுதியவர் வால்டர் எலியட். 1803-ல் பிறந்த ஸ்காட்லாந்துக்காரர், மெட்ராஸ் மாகாண அதிகாரி. பழங்காசு, சிற்பம், பறவைனு மனுஷன் எதையும் விட்டுவைக்கலை!

1852-ல், அப்போது மெட்ராஸ் மாகாணத்தில் இருந்த விசாகப்பட்டினம் துறைமுகத்தில் ஒரு உருண்டைத் தலை டால்பின் கிடைத்தது. எலியட் மூலம் கிடைத்த அதை வைத்துத்தான் ரிச்சர்ட் ஓவன் 1866-ல் ஐராவதி டால்பினை உலகத்துக்கு அறிமுகப்படுத்தினார்.

கலங்கல் தண்ணியில் அதுக்குக் கண் பெரிசா உதவாது. 'க்ளிக் க்ளிக்'னு ஒலி அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியை வைத்து மீனைப் பிடிக்கும். டால்பின்களின் இந்த வித்தை நிரூபணமானதே 20-ம் நூற்றாண்டின் நடுவில்தான். இன்னைக்கு ஒடிசாவின் சிலிகா ஏரியில் மோட்டார் படகுச் சத்தம் அந்த எதிரொலியை அமுக்குது. வலை இன்னும் மோசம். சிக்கினால் மூச்சுவிட மேலே வர முடியாது. இப்போ ஐராவதி டால்பின் அழியும் அபாயப் பட்டியலில்.

கடைசிக் காலத்தில் எலியட்டுக்கும் பார்வை கிட்டத்தட்ட போயிடுச்சு. பிறர் வாசிக்கக் காதால் கேட்டே படித்தார். 1887 மார்ச் 1, இறந்த அன்னைக்கும், ஜி.யு.போப்பின் திருக்குறள் பதிப்பு பற்றி அவருக்கே ஒரு கடிதம் சொல்லி எழுதவைத்து, தன் கையாலேயே கையெழுத்தும் போட்டார்.