அலெக்சாண்டர் ரீ

அலெக்சாண்டர் ரீ (1858 – 1924) தென்னிந்தியாவில் பணியாற்றிய பிரித்தானியத் தொல்லியலாளர் ஆவார். கோயிற் கட்டடக்கலை பற்றிய நூல்களால் பெரிதும் அறியப்படும் இவர், பல்லாவரம், பெரும்பேர், ஆதிச்சநல்லூர் ஆகிய இடங்களின் பண்டைய ஈமக்காடுகளை அகழ்ந்து, அங்கிருந்த சுடுமண் தாழிகளையும் பேழைகளையும் பதிவு செய்தார். தமிழகத்தின் பழைய மட்கலங்களில் தாய்மை எவ்வாறு காட்டப்பட்டது, காட்டப்பட்டதுதானா என்னும் வினாவுக்கு இவர் திரட்டிய பொருட்களே முதற் சான்றுகள்.

பணி

இந்தியத் தொல்லியல் ஆய்வுத் துறையில் ஜேம்ஸ் பர்ஜெசின் கீழ்ப் பணியாற்றிய ரீ, பின்னர் சென்னைப் பகுதியின் கண்காணிப்பாளரானார். 1892ஆம் ஆண்டு ஆந்திரத்தின் பட்டிப்ரோலு தூபியைத் தோண்டி, பிராமி எழுத்துப் பொறித்த கற்பேழைகளை வெளிக்கொணர்ந்தார். சாளுக்கியர் கட்டடக்கலை (1896), பல்லவர் கட்டடக்கலை (1909) பற்றிய இவருடைய நூல்கள் அளவெடுத்து வரைந்த படங்களுக்காக இன்றும் பயன்படுகின்றன.

செங்கல்பட்டுக் கடற்கரையும் ரீயும்

மாமல்லபுரத்துக்குத் தெற்கே கல்பாக்கத்தை அடுத்துள்ள சதுரங்கப்பட்டினம் ஒல்லாந்தர் கோட்டை கட்டி வணிகம் செய்த ஊர். சென்னை மாகாணத்தில் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனி விட்டுச்சென்ற கட்டடங்களையும் கல்லறைகளையும் பற்றி 1897இல் ரீ வெளியிட்ட நூலில் இவ்வூரும் இடம்பெற்றது. பின்னாளில் தொல்லியல் துறை அக்கோட்டையினுள் அகழ்ந்தபோது சீனப் பீங்கான் ஓடுகள் கிடைத்தன.

அவ்வூரைச் சூழ்ந்த செங்கல்பட்டு நிலப்பகுதியில் ஒல்லாந்தருக்குப் பல நூற்றாண்டுகள் முற்பட்ட மட்கலங்கள் மண்ணுக்கடியில் கிடந்தன. பல்லாவரக் குன்றுப் பகுதியில் கண்ட சுடுமண் ஈமப்பேழைகளைப் பற்றி ரீ 1888இல் எழுதினார். பின்னர் பெரும்பேரில் கல்வட்டங்களைத் தோண்டினார். அங்கும் தாழிகளும், வரிசையாகக் கால்கள் வைத்த நீண்ட பேழைகளும் வெளிப்பட்டன. இப்பேழைகளைச் செய்வது எளிதன்று. ஓர் ஆளை உள்ளடக்கும் அளவுள்ள கலத்தை விரிசலின்றிச் சுட்டெடுப்பது தேர்ந்த குயவருக்கே இயலும்.

ஆதிச்சநல்லூர்

தாமிரபரணியின் தென்கரையில், இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தில் உள்ள ஆதிச்சநல்லூரை 1876ஆம் ஆண்டிலேயே செருமானியரான யாகோர் தோண்டி, கிடைத்தவற்றைப் பெர்லினுக்குக் கொண்டு சென்றிருந்தார். ரீ 1899 முதல் 1905 வரை அங்கே பல பருவங்கள் பணி செய்தார். 114 ஏக்கர் பரப்புள்ள அவ்விடத்தில் தாழிகள், இரும்புக் கருவிகள், வெண்கலக் கலங்கள், பொன்னாலான நெற்றிப் பட்டங்கள் ஆகியவற்றைக் கண்டெடுத்தார். இவை சென்னை அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன. யாகோரின் பொருட்கள் போல இவையும் நாடு கடந்திருந்தால் தமிழக ஆய்வாளர்க்கு ஒப்பிட ஏதும் எஞ்சியிராது. ஆதிச்சநல்லூர், பெரும்பேர்ப் பொருட்களுக்கான இவருடைய விளக்க அட்டவணை 1915இல் சென்னையில் அச்சாயிற்று.

மட்கலங்களுள் கறுப்பு-சிவப்புக் கலங்கள் குறிப்பிடத்தக்கவை. சூளையில் கவிழ்த்து வைத்துச் சுடுவதால் காற்றுப் படாத உட்புறமும் விளிம்பும் கறுத்து, வெளிப்புறம் சிவக்கின்றது. சிலவற்றில் வெள்ளைக் கோடுகளும் புள்ளிகளும் தீட்டப்பட்டுள்ளன. ஆனால் தாயின் உருவம் இவற்றில் இல்லை. ரீயின் தொகுதியில் தாய்த்தெய்வம் எனப் பெயர்பெற்ற சிறு பெண்ணுருவம் வெண்கலத்தால் ஆனது. அதன் கையிலும் குழந்தை இல்லை என்பது கவனிக்கத்தக்கது. தாய்த்தெய்வம் என்பது ஆய்வாளர் இட்ட பெயரே. உருவத்தில் எழுதியிருப்பது அன்று.

தாழியைக் கருப்பையாகக் காணும் விளக்கமும் உண்டு. அகன்ற வயிறும், சில இடங்களில் முழங்கால் மடித்து வைக்கப்பட்ட உடலும் இதற்குக் காரணங்களாகக் காட்டப்படுகின்றன. கருத்து கவர்ச்சியானதே. எனினும் பல தாழிகளில் முழு உடலன்றிப் பொறுக்கிய எலும்புகளே இடப்பட்டன என்பதை மறத்தல் ஆகாது. புறநானூற்றின் 256ஆம் பாடலில் ஒரு பெண் தனக்கும் இடமிருக்குமாறு தாழியை அகலமாக வனையும்படி குயவனை வேண்டுகிறாள். அங்கே தாழியின் அகலத்துக்குக் காரணம் கணவனைப் பிரியாமையே அன்றித் தாய்மை அன்று.

பிற்காலக் கண்டுபிடிப்பு

ரீ அகழாய்வை முடித்து ஒரு நூற்றாண்டு கழிந்தபின், 2004இல் தி. சத்தியமூர்த்தி தலைமையில் தொல்லியல் துறை அதே இடத்தை மீண்டும் அகழ்ந்தது. அப்போது கிடைத்த உடைந்த ஓடு ஒன்றில் களிமண்ணை ஒட்டி உருவாக்கிய புடைப்புக் காட்சி இருந்தது. மெலிந்து உயர்ந்த ஒரு பெண், அருகில் நெற்கதிர், கொக்கு, மான், முதலை ஆகியவை அதில் உள்ளன. தமிழகத்து ஈமக்கலங்களில் இவ்வாறான காட்சி மிக அரிது. நெற்கதிரின் அருகே நிற்பதால் அப்பெண்ணை வளமைத் தாயாகக் கொள்வோர் உளர். ஆற்றங்கரை வயலில் நாள்தோறும் காணும் காட்சியைக் குயவர் அப்படியே ஒட்டினார் எனக் கொள்ளவும் இடமுண்டு. ரீ 1924இல் காலமானார்; இவ்வோடு கிடைத்தது அதற்கு எண்பது ஆண்டுகளுக்குப் பின்னர்.