மதுரையில் குறள் கிடைக்கவில்லை!

1901-ம் ஆண்டு. மதுரையில் ஒரு கூட்டம். அதில் பேசுவதற்காக ஒரு ஜமீன்தார் வந்து தங்கியிருந்தார். பேசுவதற்கு முன் ஒருமுறை புரட்டிப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்து, கம்ப ராமாயணமும் திருக்குறளும் வேண்டுமென்று கேட்டார். ஆட்கள் வீடு வீடாகப் போய் விசாரித்தார்கள். வெறுங்கையோடு திரும்பி வந்தார்கள். சங்கம் வைத்துத் தமிழ் வளர்த்த ஊரில், கேட்ட நேரத்தில் ஒரு குறள் கிடைக்கவில்லை!

அந்த ஜமீன்தாருக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை என்று சொல்வார்கள். அவர்தான் பாண்டித்துரைத் தேவர்.

1867-ல் பிறந்தவர் அவர். ராமநாதபுரம் சேதுபதிகளின் குடும்பம். தந்தையார் பொன்னுச்சாமித் தேவர் புலவர்களின் புரவலர். யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் திருக்குறளுக்குப் பரிமேலழகர் உரையை அச்சிட்டபோது கைகொடுத்தவர். மகன் சிறுபிள்ளையாக இருக்கும்போதே தந்தை காலமாகிவிட்டார். வளர்ந்ததும் பாண்டித்துரைக்குப் பாலவனத்தம் ஜமீன் வந்தது. அருப்புக்கோட்டைப் பக்கம் இருக்கிறது அந்த ஊர். மழை பொய்த்தால் பஞ்சம் எட்டிப் பார்க்கும் கரிசல் சீமை. சொத்தோடு தந்தையின் தமிழ்ப் பித்தும் மகனுக்கு வந்தது.

அந்தக் காலத்தில் நூல்கள் எப்படி இருந்தன என்பதை இங்கே சொல்ல வேண்டும். அச்சு வந்துவிட்டது, ஆனால் எல்லா நூல்களும் அச்சேறவில்லை. பழைய நூல்கள் பனை ஓலையில் இருந்தன. ஓலையைப் பதப்படுத்தி, எழுத்தாணியால் கீறி, எழுத்து தெரிவதற்காக மை தடவுவார்கள். ஓலைக்கும் ஆயுள் உண்டு. ஈரம் பட்டால் உளுக்கும். கரையான் அரிக்கும். இராமபாணப் பூச்சி ஓட்டை போடும். ஆகையால் பழைய ஏடு கெடுவதற்கு முன்பே புது ஓலையில் பார்த்து எழுதி வைக்க வேண்டும். ஒருவர் படிக்க, இன்னொருவர் எழுதுவார். எந்தத் தலைமுறை சோம்பியதோ அதோடு நூல் போயிற்று. வீட்டில் படிப்பவர் இல்லாமல் போனால் ஆடிப் பெருக்கில் ஆற்றோடு விட்டுவிடுவதும் உண்டு.

ஒரே வீட்டில் ஒரே ஏடு என்றால் அந்த நூல் அந்தரத்தில் தொங்குகிறது என்றுதான் அர்த்தம். நான்கு ஊரில் நான்கு ஏடு இருந்தால், ஒன்றில் பூச்சி தின்ற வரி இன்னொன்றில் பிழைத்திருக்கும். உ. வே. சாமிநாதையர் ஊர் ஊராக அலைந்து பல ஏடுகளை ஒப்பிட்டுப் பார்த்துத்தான் பழைய நூல்களைப் பதிப்பித்தார். 1898-ல் அவர் மணிமேகலையை வெளியிட்டபோது பொருள் கொடுத்து உதவியவர் பாண்டித்துரைத் தேவர்.

ஆகவே மதுரையில் நேர்ந்த ஏமாற்றம் அவர் மனத்தைச் சுட்டதில் வியப்பில்லை. வெறும் வருத்தத்தோடு அவர் நின்றுவிடவில்லை. அதே 1901, செப்டம்பர் 14-ந் தேதி மதுரையில் தமிழ்ச் சங்கத்தைத் தொடங்கிவிட்டார். ராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி உடன் நின்றார். விவேகானந்தரைச் சிகாகோவுக்கு அனுப்ப உதவினாரே, அவரேதான். பாண்டித்துரைக்கு நெருங்கிய உறவினர்.

சங்கத்தோடு பாடசாலை வந்தது. பாண்டியன் புத்தகசாலை வந்தது. தேவர் தம் சொந்த நூல்களையும் அதற்குக் கொடுத்தார். 1902-ல் செந்தமிழ் என்ற பத்திரிகை பிறந்தது. ஏட்டில் கிடந்த சிறு நூல்கள் பல அதில் அச்சாகி வெளிவந்தன. அச்சு செய்த உதவி சாதாரணமானதா? நேற்று வரை ஒரு பெட்டிக்குள் கிடந்த நூல் இன்று தபாலில் ஏறிப் பல ஊர்களுக்குப் போய்விடுகிறது. ஒரு வீடு தீப்பற்றினாலும் நூல் எரியாது.

சென்னையில் சிங்காரவேலு முதலியார் என்ற ஆசிரியர் இருந்தார். புராணப் பெயர்களையும் புலவர் வரலாறுகளையும் தொகுத்து ஒரு பெரிய அகராதி எழுதி முடித்தார். பல ஆண்டு உழைப்பு. அச்சிடப் பணமில்லை, உதவி கேட்டும் பலனில்லை. கையெழுத்துப் பிரதி அப்படியே கிடந்தது. தேவருக்குச் செய்தி எட்டியது. பிரதியை மதுரைக்கு வரவழைத்து, பண்டிதர்களைக் கொண்டு சுத்தமாக எழுதச் செய்து, அச்சுக்கு அனுப்பினார். 1910-ல் ஆயிரம் பக்கங்களுக்கு மேற்பட்ட அபிதான சிந்தாமணி வெளிவந்தது. இன்றும் அது விற்பனையாகிறது.

பிரதி பல இருந்தால் மட்டும் போதாது. பிழையில்லாமலும் இருக்க வேண்டும். இதில் தேவர் கடுமையானவர். ஓர் ஆங்கிலேயர் எதுகை சரியில்லை என்று குறளைத் தம் இஷ்டப்படி திருத்தி அச்சிட்டாராம். தேவர் மிச்சமிருந்த பிரதிகள் அத்தனையையும் விலைக்கு வாங்கித் தீ வைத்துவிட்டார் என்று ஒரு கதை உண்டு. என்ன இருந்தாலும், புத்தகம் காக்கப் பிறந்தவர் கையில் தீப்பந்தமா என்று கேட்கத் தோன்றுகிறது. பிழைப் பிரதி பெருகினால் மூலமே மறைந்துவிடும் என்ற பயம் அவருக்கு.

நாட்டுப் பணியிலும் அவர் ஒதுங்கவில்லை. 1906-ல் வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியபோது அதன் தலைவர் பாண்டித்துரைத் தேவர்தான். 1911 டிசம்பர் 2-ந் தேதி அவர் காலமானார். வயது 44. அதற்கு எட்டு ஆண்டு முன்னதாகவே பாஸ்கர சேதுபதி போய்விட்டார். இரு புரவலர்கள் போன பின்பும் சங்கம் நின்றது.

தேவர் மறைந்து 86 ஆண்டுகள் கழித்து, 1998 பொங்கலன்று, கடல் கடந்த தமிழர்கள் சிலர் பழைய நூல்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றத் தொடங்கினார்கள். மதுரைத் திட்டம் என்று பெயர் வைத்தார்கள். ஓலைக்குப் பதில் இப்போது ஹார்ட் டிஸ்க். ஓலையாவது நூறு ஆண்டைத் தாண்டும். இந்தத் தட்டு சில ஆண்டுகளிலேயே திடீரென்று நின்றுவிடலாம். கம்ப்யூட்டரும் அடிக்கடி மாறுகிறது. பழைய தட்டு கெடுவதற்குள் புதியதில் ஏற்ற வேண்டும். ஒன்றுக்கு இரண்டாக வைக்க வேண்டும். ஏற்றியது சரியாக இருக்கிறதா என்று திறந்து பார்க்க வேண்டும். ஒரே பெட்டிக்குள் இரண்டு தட்டு இருந்தால், ஒன்று கெட்டாலும் மற்றது காக்கும். ஆனால் பெட்டியே தீயில் போனால் இரண்டும் போகும். அதனால் வேறு ஊரில் இன்னொரு பிரதி வைக்கிறார்கள்.

தேவர் தொடங்கிய சங்கம் இருக்கும் தெருவுக்கு மதுரையில் தமிழ்ச் சங்கம் சாலை என்று பெயர். அங்கே செந்தமிழ்க் கல்லூரி நடக்கிறது.