வழி அறியாமல் நடந்த வழிகாட்டி
புனித யோசப் வாஸ் அடிகளார்

யூபிலி கொண்டாடும் இவ்வேளையில், கடந்து வந்த பாதையை நன்றியோடு திரும்பிப் பார்க்கிறோம். இனி வரும் பாதையோ நம் கண்ணுக்குத் தெரியவில்லை. நாளை என்ன நேரும் என்று அறியாமலே தம்மை முழுவதும் இறைவன் கையில் ஒப்புக்கொடுத்த புனித யோசப் வாஸ் அடிகளாரின் வாழ்வை இங்கு நினைவுகூர்வது நமக்குப் பயன் தரும்.

இவர் 1651-ஆம் ஆண்டு ஏப்ரல் 21-ஆம் நாள் கோவா நாட்டுப் பெனோலிம் என்னும் ஊரில் பிறந்தார். 1676-இல் குருப்பட்டம் பெற்றார். அக்காலத்தில் இலங்கையின் கரையோரப் பகுதிகள் டச்சுக்காரர் வசமாகியிருந்தன. 1658-இல் யாழ்ப்பாணமும் அவர்கள் கையில் விழுந்தது. குருக்கள் துரத்தப்பட்டனர், திருப்பலி தடைசெய்யப்பட்டது. மேய்ப்பரின்றித் தவித்த அம்மக்களின் நிலை கேட்டு, அங்கே செல்ல அடிகளார் விரும்பினார். ஆனால் 1681-இல் மேலிடத்தார் அவரைக் கன்னட நாட்டுக் கரைக்கு அனுப்பினர்.

கேட்டது ஒன்று, கிடைத்தது வேறு. எனினும் அவர் மனம் சோரவில்லை. மூன்றாண்டுகள் அங்கு அரும்பணி ஆற்றித் திரும்பினார். 1685-இல் பழைய கோவாவில் சில குருக்களோடு சேர்ந்து, புனித பிலிப்பு நேரியாரின் முறைப்படி ஒரு குருக்கள் சபையை உருவாக்கினார். பின்னாளில் இலங்கைக்குக் குருக்களை அனுப்பியது இந்தச் சபையே. விரும்பியபடி 1681-இலேயே புறப்பட்டிருந்தால், அவருக்குப் பின்னால் வர இச்சபை இருந்திராது. தாமதம் என்று தோன்றியது இறைவனின் ஆயத்தமாக இருந்தது.

1687-இல், தூத்துக்குடியிலிருந்து கூலியாள் வேடத்தில் கடல் கடந்து யாழ்ப்பாணம் சேர்ந்தார். வந்ததும் கடும் வயிற்றுப்போக்கு அவரைச் சாவின் விளிம்புவரை கொண்டு சென்றது. தேறியெழுந்தபின், கத்தோலிக்கர் எவர் என்று அறிய வழியில்லை. கழுத்தில் செபமாலை அணிந்து, வீடு வீடாகப் பிச்சை கேட்டுச் சென்றார். செபமாலையைக் கண்டு முகம் மலர்ந்தவர்களை இனங்கண்டு, இரவு வேளைகளில் திருப்பலி நிறைவேற்றினார். தமிழ் கற்றார். சில்லாலை மக்கள் அவருக்கு அடைக்கலம் அளித்தனர்.

டச்சுக்காரரின் தேடுதல் கடுமையாகவே புத்தளம் சென்றார். அங்கிருந்து 1692-இல் கண்டி அரசுக்குள் நுழைந்தபோது, போர்த்துக்கீசரின் ஒற்றர் என்ற பழி அவர்மேல் விழுந்தது, சிறையிலடைக்கப்பட்டார். சிறையையும் அவர் வீணாக்கவில்லை. சிங்களம் கற்றார், செபித்தார். அவருடைய நல்வாழ்வைக் கண்ட மன்னன் விமலதர்மசூரியனின் ஐயம் மெல்ல நீங்கியது. கடும் வறட்சியின்போது அடிகளாரின் மன்றாட்டால் மழை பொழிந்தது என்பது தொன்றுதொட்டு வரும் செய்தி. அதன்பின் அவருக்கு முழு உரிமை கிடைத்தது. டச்சுக்காரர் துரத்தியதால் வந்து சேர்ந்த கண்டியே திருப்பணிக்குக் காவல்கோட்டையாயிற்று.

ஏறக்குறையப் பத்தாண்டுகள் தீவு முழுமைக்கும் அவர் ஒருவரே குரு. 1697-அளவில் கோவாவிலிருந்து தோழர்கள் வந்தனர். அவ்வாண்டு கண்டியில் பெரியம்மை பரவியபோது பலர் நகரைவிட்டு ஓடினர். அடிகளாரோ கைவிடப்பட்ட நோயாளிகளைத் தேடிப்பிடித்து உணவளித்தார், புண்களைக் கழுவினார், இறந்தோரை அடக்கம் செய்தார். 1711 சனவரி 16-ஆம் நாள் கண்டியிலேயே உயிர் துறந்தார். அவரது கல்லறை இருந்த இடம் இன்று எவருக்கும் தெரியாது. ஆனால் அவர் விதைத்த விசுவாசம் அழியவில்லை. 2015 சனவரி 14-ஆம் நாள் கொழும்பில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தினார்.

அன்பார்ந்த பங்கு மக்களே! பிள்ளையின் வேலை, மகளின் திருமணம், தீராத நோய் எனப் பல கவலைகளோடு நாமும் பீடத்தின்முன் முழந்தாளிடுகிறோம். கேட்டது கிடைக்காதபோது இறைவன் நம்மை மறந்தார் என்று எண்ணிவிடுகிறோம். ஒப்புக்கொடுப்பது கைகட்டிச் சும்மா இருப்பதன்று என அடிகளாரின் வாழ்வு நமக்குக் கற்பிக்கிறது. இன்று நம் கையில் தரப்பட்ட கடமையை முழுமனத்தோடு செய்வோம். நாளையை ஆண்டவரிடம் விடுவோம். அடைபட்ட கதவின் அருகிலும் அவர் நம்மோடு நிற்கிறார்.

புனித யோசப் வாஸ் அடிகளாரே, எங்கள் பங்கிற்காக வேண்டிக்கொள்ளும்!