புத்தகயைக்கு வந்த இளைஞர்

அநகாரிக தர்மபாலர் என்றவுடன் நம் உபாசகர்கள் சிகாகோ சர்வமத மகாசபையையும், சாரநாத்தில் எழுந்து நிற்கும் மூலகந்தகுடி விகாரையையுமே நினைப்பர். நாம் இங்கு எழுதப் புகுந்தது அவற்றின் பெருமையை அன்று. இருபத்தாறு வயது இளைஞராக அயல்நாட்டுக்கு வந்து, அறிந்தவர் இல்லாத இடத்தில் அவர் அன்றாடம் எவ்வாறு வாழ்ந்தார், என்ன வேலை செய்தார் என்பதையே சிறிது கூற விரும்புகிறோம். தம்மம் உரைக்கச் செல்லும் இடங்களிலெல்லாம் இளைஞர்கள் நம்மைக் கேட்பது ஒன்றுண்டு: பொருளும் புகழும் இல்லாத ஒருவனால் சாசனத்திற்கு என்ன செய்ய முடியும் என்பது. அவர்கள் தர்மபாலரின் முதல் சில ஆண்டுகளை அறிந்துகொள்ளல் நலம்.

அவர் 1864 செப்டம்பர் 17இல் கொழும்பு நகரில், மரச்சாமான் வணிகத்தில் செல்வம் ஈட்டிய குடும்பத்தில் பிறந்தவர். பெற்றோர் இட்ட பெயர் டேவிட். கிறித்துவப் பாடசாலைகளிற் கல்வி. பிறகு கல்வி இலாகாவில் குமாஸ்தா உத்தியோகம். அவ்வுத்தியோகத்தை உதறிவிட்டு, கர்னல் ஆல்காட் துரையுடன் கிராமம் கிராமமாக மாட்டுவண்டியிற் சென்று அவர் பேச்சைச் சிங்களத்தில் மொழிபெயர்த்தார். இளமை முதல் கால் பலவீனம் உண்டு. 1889இல் ஜப்பான் சென்றபொழுது மூட்டு வாதத்தினால் மருத்துவமனையிற் கிடந்தார். உடல்வலிமை உடையவர்தாம் தொண்டுக்கு உரியவர் என்று எண்ணுவோர் இதனைக் கவனிப்பார்களாக.

1890 டிசம்பரில் சென்னை அடையாற்றில் பிரம்மஞான சபையின் மாநாடு நடந்தது. அது முடிந்ததும், இலங்கையில் பாலி பயின்று வந்த கோசன் குணரத்தின என்னும் ஜப்பானியப் பிக்குவுடன் அவர் வடக்கே யாத்திரை புறப்பட்டார். காசி, சாரநாத் கண்டு, 1891 ஜனவரி 22இல் புத்தகயையை அடைந்தனர். சில வாரங்களில் திரும்பிவிடுவதே எண்ணம். கோயிலைச் சில ஆண்டுகளுக்கு முன்னரே ஆங்கில அரசாங்கம் பழுதுபார்த்திருந்தது. ஆனால் அது சைவ மடத்தைச் சேர்ந்த மகந்தின் கையில் இருந்தது. பகவான் போதியடைந்த இடத்தில் அவரைப் பகவான் என்று தொழ ஒரு பௌத்தரும் இல்லை. வஜ்ஜிராசனத்தில் நெற்றியை வைத்தெடுத்த அந்த இளைஞர், பிக்குகள் வந்து பொறுப்பேற்கும்வரை அவ்விடம் விட்டு அகல்வதில்லை எனத் தீர்மானித்தார்.

தீர்மானம் செய்தல் ஒரு கணத்து வேலை. மறுநாட் காலையில் என்ன செய்வது? பர்மிய மன்னர் மிண்டோன் காலத்தில் யாத்திரிகருக்கென எழுந்த சத்திரம் ஒன்று அங்கிருந்தது. இருவரும் அதில் தங்கினர். கொழும்பின் வெம்மையில் வளர்ந்தவருக்குக் கயையின் மாசிக் குளிர் எத்தகையது என்பதை வடநாடு சென்ற நம் அன்பர்கள் அறிவர். கையிருப்பு நாளுக்கு நாள் கரைந்தது. அவர் செய்த வேலை கடிதம் எழுதுதல் ஒன்றே: இலங்கைக்கு, பர்மாவுக்கு, இந்திய நகரங்களில் உள்ள அன்பர்களுக்கு, புத்தகயையின் நிலையை விளக்கிக் கடிதம் பின் கடிதமாக எழுதினார். மறுமொழி எளிதில் வரவில்லை. இறுதியில் கோசன் பிக்குவைக் காவலாக அங்கே விட்டு, தாமே கல்கத்தா, ரங்கூன் வழியாகக் கொழும்பு சென்று ஆதரவு திரட்டினார். 1891 மே 31இல் மகாபோதி சங்கம் கொழும்பில் அமைந்தது. அதன் தலைவர் ஹிக்கடுவே சுமங்கல மகாநாயக தேரர். 1898இல் நம் பண்டித அயோத்திதாசர் கொழும்பு சென்று பஞ்சசீலம் ஏற்றது அதே தேரரிடந்தான் என்பதைத் தமிழ்ப் பௌத்தர்கள் நினைவிற் கொள்ளுதல் தகும்.

ஜூலையில் நான்கு பிக்குகளுடன் அவர் மீண்டும் புத்தகயை வந்தார். அக்டோபர் 31இல் அங்கே ஒரு மாநாடு கூட்டினார். இலங்கை, சீனம், ஜப்பான், சிட்டகாங் ஆகிய இடங்களிலிருந்து பிரதிநிதிகள் வந்திருந்தனர். பௌத்தக் கொடியோடு ஜப்பானியக் கொடியும் பறந்தது. அவ்வமயம் அப்பக்கம் வந்திருந்த வங்காள லெப்டினன்ட் கவர்னர் பௌத்தர்களைப் பார்க்க மறுத்துவிட்டார். கோயில் மகந்துக்கே உரியது என்னும் கருத்து மட்டும் வந்து சேர்ந்தது. ஒரு கொடி செய்த வினை! ஆர்வத்தினால் நேர்ந்த பிழை என்றே நாம் கருதுகிறோம். பிறர் கண்ணுக்கு அது எப்படித் தோன்றும் என்பதை அவர் எண்ணவில்லை.

பின்னர்க் கல்கத்தாவில் நீல்கமல் முகர்ஜி என்னும் வங்காளப் பெரியவர் அவருக்குத் தம் வீட்டில் இடமளித்தார். 1892 மே மாதத்தில் மகாபோதி என்னும் ஆங்கில மாத இதழ் பிறந்தது. ஆசிரியர், எழுத்தர், விலாசம் எழுதுபவர், கட்டுகளைத் தபாலுக்கு எடுத்துச் செல்பவர் என எல்லாப் பணியும் பெரும்பாலும் அவர் ஒருவர்மேல் விழுந்தது. கையில் உள்ள காசு தபால் தலைக்கோ இரவு உணவுக்கோ இரண்டில் ஒன்றுக்குத்தான் போதும் என்னும் நாட்கள் வந்தன. அந்நாட்களில் அவர் இதழ்களை அஞ்சலிற் சேர்த்துவிட்டுப் பசியோடு படுத்தார். நூற்பாலையில் வேலை பார்த்துக்கொண்டே துண்டுப் பிரசுரங்கள் அனுப்பிய காலத்தில், சம்பள நாளுக்கு முந்தின வாரம் தபால் செலவுக்குக் கை பிசைந்து நின்ற அனுபவம் நமக்கும் உண்டு. ஆயினும் பட்டினி கிடந்து நாம் தபால் தலை வாங்கியதில்லை. அடுத்த மாதம் அனுப்பலாம் என்று வைத்துவிட்டோம்.

அவ்வாறு அனுப்பிய இதழ்தான் அமெரிக்காவில் சர்வமத மகாசபையை ஏற்பாடு செய்துகொண்டிருந்த பாரோஸ் என்னும் பாதிரியார் கைக்குச் சென்றது. அதன் மூலமாகவே தர்மபாலருக்கு அழைப்பு வந்தது. 1893 செப்டம்பரில் அவர் சிகாகோவில் பேசியது உலகறிந்த செய்தி. நாம் விரிக்க வேண்டியதில்லை. அவ்வாண்டு பிப்ரவரியில் புத்தகயைச் சத்திரத்தில் இருந்த பிக்குகளை மகந்தின் ஆட்கள் தாக்கியதும், ஒருவர் பலத்த காயமுற்றதும் அத்துணை பேர் அறியாதவை.

திரும்பும் வழியில், ஹொனலூலுத் துறைமுகத்தில் மேரி பாஸ்டர் அம்மையார் கப்பலுக்கு வந்து அவரைக் கண்டார். தம் சினத்தை அடக்கும் வழி யாது என்பதே அம்மையார் கேட்ட கேள்வி. அவர் கூறிய அறிவுரை அம்மையாருக்குப் பயன்பட்டது. பிற்காலத்தில் சங்கத்தின் பெருங்கொடையாளர் ஆனவர் அவரே. இதில் நாம் வியப்பது யாதெனில், தர்மபாலரும் கோபம் மிகுந்தவர் என்பதாம். நாள்தோறும் தவறாது எழுதி வந்த தினக்குறிப்பில் தம் மனத்தின் குறைகளைத் தாமே பதித்து வந்தார். ஆயினும் இலங்கை அரசியலைப் பற்றி எழுதுகையில் தமிழர், முஸ்லிம்கள் முதலிய பிறரைச் சுட்டி அவர் கடுஞ்சொற்கள் எழுதியதுண்டு. தமிழராகிய நமக்கு அவற்றைப் படிக்கையில் நெஞ்சு நோகத்தான் செய்கிறது. அவரைப் போற்றும் பொருட்டு அதனை மறைத்து எழுதுதல் சம்மா வாசா ஆகாது.

ஜப்பானில் அன்பர்கள் புத்தகயைக்கென ஒரு பழம் புத்தர் உருவம் அளித்தனர். 1895 பிப்ரவரி 25ஆம் நாட் காலையில் தர்மபாலரும் உடனிருந்தோரும் அதனைக் கோயிலின் மேல்மாடத்துப் பீடத்தில் வைத்தனர். விளக்கு ஏற்றும் வேளையில் மகந்தின் ஆட்கள் திரண்டு வந்து நெருக்கினர். அவர் எதிர்த்துக் கை ஓங்கவில்லை. உருவம் வெளியே அகற்றப்பட்டது. வழக்குத் தொடுக்கவே, கயை மாஜிஸ்திரேட் குற்றவாளிகளைத் தண்டித்தார். அவ்வாண்டே கல்கத்தா உயர்நீதிமன்றம் அத்தண்டனையை நீக்கியது. உருவம் பர்மியச் சத்திரத்தில் தங்கிற்று.

தோற்றவர் ஊர் திரும்பவில்லை. அவ்வாண்டு அக்டோபரில் காவியுடை தரித்தார். அநகாரிகர் என்பது வீடற்றவர் எனப் பொருள்படும். பிக்குவும் அல்லர், இல்லறத்தாரும் அல்லர். விடியுமுன் எழுந்து தியானம், பின் கடிதங்கள், இதழ் வேலை, பெரிய மனிதர்களைக் கண்டு புத்தகயைக்காக வாதாடல், இரவில் தினக்குறிப்பு எனப் பழைய வேலையே தொடர்ந்தது. 1897இல் பஞ்சம் வந்தபொழுது பௌத்த நாடுகளிலிருந்து பணம் திரட்டிப் பசித்தோர்க்கு உதவினார்.

சத்திரமும் நிலைக்கவில்லை. அதிலிருந்தும் வெளியேற்ற வேண்டும் என்று மகந்து தொடுத்த வழக்கு வென்றது. 1910இல் பௌத்தர்கள் வெளியேறினர். அதன்பின் சாரநாத்திலேயே அவர் உழைப்பு மிகுந்தது. அங்கு விகாரை 1931 நவம்பர் 11இல் திறக்கப்பட்டது. 1933 ஜனவரியில் உபசம்பதை பெற்றுப் பிக்கு ஆனார். ஏப்ரல் 29இல் சாரநாத்திலேயே காலமானார். மீண்டும் மீண்டும் பிறந்து இந்நாட்டில் தம்மம் பரப்ப வேண்டும் என்பதே அவர் வெளியிட்ட இறுதி விருப்பம்.

புத்தகயைக் கோயிலுக்கான சட்டம் 1949இல் இயற்றப்பட்டது. கலெக்டர் தலைமையில் நான்கு இந்துக்களும் நான்கு பௌத்தர்களும் கொண்ட குழு 1953இல் பொறுப்பேற்றது. அப்பொழுது தர்மபாலர் மறைந்து இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன.